சேர்ந்து ஒலிக்கும் வகுப்பறை

நுழையும்முன்

கணக்கும் அறிவியலும் பாடங்கள். இசையோ ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியுள்ளது. இசையைப் பள்ளிப் பாடமாகவே கற்பிக்கும் வழக்கம் அமெரிக்க நாட்டில் 1838ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அவ்வழக்கம் வளர்ந்த வகையையும் தளர்ந்த காரணத்தையும் ஆராய்ந்து, பள்ளியில் இசைக்குரிய இடம் எது என்பது குறித்துத் தம் கருத்தை முன்வைக்கிறார் கட்டுரையாளர்.

மூவகைக் குழுக்கள்

அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒருவரின் கால அட்டவணையைப் பார்த்தால், இயற்கணிதம், வேதியியல், வரலாறு ஆகியவற்றுக்கு நடுவே ‘பேண்டு’ என்றோ ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்றோ ‘கொயர்’ என்றோ ஒரு சொல் இடம்பெற்றிருப்பதைக் காணலாம். அது பள்ளி முடிந்தபின் விரும்பியோர் கூடும் மன்றம் அன்று. மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடியும் பாடவேளை. அதற்கெனத் தனி ஆசிரியர் உண்டு, தனி அறை உண்டு, மதிப்பெண்ணும் உண்டு.

நம் முன்னோர் இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி எனப் பகுத்தனர். அப்பகுப்பைக் கொண்டே இம்மூன்று குழுக்களையும் விளக்கிவிடலாம். கிளாரினெட், டிரம்பெட், டிராம்போன், டியூபா போன்ற துளைக்கருவிகளும் முழவுகளும் சேர்ந்தது பேண்டு. வயலின், வியோலா, செல்லோ முதலிய நரம்புக்கருவிகள் முன்நிற்க, பிற கருவிகள் அவற்றுக்குத் துணைநிற்பது ஆர்க்கெஸ்ட்ரா. நம் ஊர்த் திருவிழாக்களில் பாடும் மெல்லிசைக் குழுவையும் இப்பெயரால் அழைக்கிறோம். இங்குக் குறிக்கப்படுவது வேறு. மிடறு ஒன்றையே கருவியாகக் கொண்டு பலர் கூடிப் பாடுவது கொயர். தமிழில் அதனைச் சேர்ந்திசைக் குழு எனலாம்.

இக்குழுக்களைப் பள்ளியின் அணிகலன்களாகக் கருதுவோர் உண்டு. ஆண்டு விழாவில் அழகு சேர்ப்பவை, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொருந்துபவை, பணம் குறையும்போது கழற்றி வைக்கத்தக்கவை என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்து. பிறரைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் பயிற்சியை இசைக்குழுவைப்போல் நேரடியாகத் தரும் வகுப்பு பள்ளியில் வேறில்லை. ஆகவே அது பாடவேளைக்குள்ளேயே, கட்டணமின்றி, விரும்பும் எல்லா மாணவர்க்கும் கிடைத்தல் வேண்டும்.

பள்ளிக்குள் இசை நுழைந்த வரலாறு

அமெரிக்கப் பொதுப்பள்ளிகளில் இசை தானாக இடம்பெற்றுவிடவில்லை. பாஸ்டன் நகரில் லோவெல் மேசன் என்னும் இசை ஆசிரியர் அதற்காகப் பெரிதும் உழைத்தார். குரல்வளம் இயற்கையாக வாய்த்தவர்க்கே பாட்டு வரும் என்று பலர் நம்பிய காலம் அது. படிக்கவும் எழுதவும் கற்பிப்பதுபோலப் பாடவும் எல்லாக் குழந்தைகளுக்கும் கற்பிக்க முடியும் என்றார் மேசன். அதனை மெய்ப்பிக்க ஒரு பள்ளியில் ஊதியம் பெறாமலே இசை கற்பித்துக் காட்டினார். அதன் விளைவாக, 1838ஆம் ஆண்டில் பாஸ்டன் பள்ளிக்குழு இசையைப் பொதுப்பள்ளிப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் உடலுக்கும் இசை நன்மை பயக்குமா என்னும் மூன்று வினாக்களை எழுப்பி விடை கண்ட பிறகே அது அம்முடிவுக்கு வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அன்று நுழைந்தது வாய்ப்பாட்டு. கருவியிசைக் குழுக்கள் பெருகியது முதல் உலகப்போருக்குப் பிறகு. படைப்பிரிவுகளின் பேண்டுகளில் வாசித்தோர் பலர் போர் முடிந்து ஊர் திரும்பிப் பள்ளிகளில் ஆசிரியராயினர். இசைக்கருவி உற்பத்தியாளர்களும் பள்ளிகளைத் தம் புதிய சந்தையாகக் கண்டனர். 1923ஆம் ஆண்டு சிகாகோவில் நாடு தழுவிய பள்ளிப் பேண்டுப் போட்டி நடைபெற அவர்களது ஊக்கமும் ஒரு காரணம். ஜோசப் மேடி என்னும் ஆசிரியர் 1926ஆம் ஆண்டில் பல மாநில மாணவர்களை ஒன்றுதிரட்டி டெட்ராய்ட் நகரில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவை அமைத்தார். சில நாள்களில் கலைந்துவிடும் அக்கூட்டுறவை நிலைபெறச் செய்ய விரும்பி, மிச்சிகன் மாநிலத்தின் இன்டர்லாக்கன் என்னுமிடத்தில் 1928ஆம் ஆண்டு கோடைக்கால இசை முகாமைத் தொடங்கினார். அது இன்றும் நடைபெற்று வருகிறது.

இவ்வரலாற்றில் நல்லெண்ணமும் வணிகமும் கலந்தே உள்ளன. தோற்றத்தின் காரணம் எதுவாயினும், வகுப்பறைக்குள் அன்றாடம் நிகழ்வது யாது என்பதைக் கொண்டே அதன் பயனை அளத்தல் வேண்டும்.

கேட்டலே பாடம்

ஆர்க்கெஸ்ட்ரா வகுப்பு தொடங்கும் முறையே நமக்கு ஒன்றை உணர்த்தும். முதலில் ஓபோ என்னும் துளைக்கருவி ஒரு சுரத்தை நீளமாக ஒலிக்கும். வினாடிக்கு 440 அதிர்வுகள் கொண்ட அச்சுரத்தோடு மற்றவர் அனைவரும் தம் கருவிகளைச் சுருதி கூட்டிக்கொள்வர். தன் கருவி சரியாக இருக்கிறது என்று எவரும் தனித்து முடிவுசெய்ய இயலாது. பிறர் ஒலியோடு ஒப்பிட்ட பின்னரே தன் ஒலி சரியா, பிழையா என்பது தெரியவரும். வாசிப்புக்கு முன்பே கேட்டல் தொடங்கிவிடுகிறது.

அடுத்து, வாசிக்காமல் இருக்கும் கலை. ஒரு டிராம்போன் மாணவரின் இசைத்தாளில் தொடர்ந்து 30, 40 தாள வட்டணைகளுக்கு ஓய்வு என்று எழுதப்பட்டிருக்கலாம். அவ்வளவு நேரமும் அவர் மனத்துக்குள் தாளத்தை எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும். தமது முறை வரும்போது ஒரு கணம் பிந்தினாலும் முந்தினாலும் குழு முழுவதும் தடுமாறும். பேசாதிருக்கும்போதும் ஒருவர் ஒரு செயலில் முழுமையாகப் பங்கேற்க முடியும் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் பாடம் அரிது.

சேர்ந்திசைக் குழுவில் இன்னொரு நுட்பம் உண்டு. எந்தத் தனி மனிதரின் மூச்சுக்கும் எட்டாத அளவுக்கு நீண்ட சுரம் சில பாடல்களில் வரும். அவ்விடத்தில் அனைவரும் ஒருசேர மூச்சு வாங்கினால் இசை அறுந்துவிடும். எனவே, பக்கத்தில் நிற்பவர் பாடும்போது தாம் மூச்சு வாங்கிக்கொள்வதும், அவர் மூச்சு வாங்கும்போது தாம் குரலைத் தாங்கிப் பிடிப்பதும் எனப் பாடகர்கள் முறை வைத்துக்கொள்வர். அவையோரின் செவியில் இடையறாத ஒரே குரல் விழும். யார் எப்போது இளைப்பாறினார் என்பது எவர்க்கும் தெரியாது. ஒருவரது இயலாமையை மற்றவர் நிரப்புவது பாடலின் அமைப்பிலேயே அங்கு இடம்பெற்றுவிடுகிறது.

தேர்வுக்கூடத்தில் ஒரு மாணவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தால் அது குற்றம். இசைக்குழுவில் பக்கத்தில் இருப்பவரைக் கேளாதிருப்பதுதான் குற்றம். தர வரிசையில் ஒருவர் முன்னேற மற்றொருவர் பின்தங்க வேண்டும். சேர்ந்து வாசிக்கும்போதோ பின்வரிசைக் கிளாரினெட் சுருதி தவறினால் முன்வரிசைக் கலைஞரின் வாசிப்பும் கெடும். ஆகவே, வல்லவர் தளர்ந்தவர்க்குச் சொல்லிக்கொடுப்பது அங்கே கருணைச் செயல் அன்று, தேவை.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றுக் காலத்தில் இவ்வுண்மை வேறொரு வகையில் புலப்பட்டது. பள்ளிகள் இணையவழிக்கு மாறின. கணக்கையும் வரலாற்றையும் திரைவழியே ஓரளவு நடத்த முடிந்தது. சேர்ந்திசையை நடத்த முடியவில்லை. ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு ஒலி சென்று சேர்வதில் ஏற்படும் சிறு தாமதமே அதற்குக் காரணம். உரையாடலில் பொருட்படுத்தத் தகாத அத்தாமதம் தாளத்தை முற்றிலும் குலைத்துவிடும். எனவே, மாணவர்கள் தனித்தனியே பாடிப் பதிவுசெய்து அனுப்ப, ஆசிரியர்கள் அவற்றை ஒன்றாக இணைத்தனர். கேட்க அது சேர்ந்திசைபோலவே இருந்தது. ஆனால், பாடியபோது எவரும் எவரையும் கேட்கவில்லை. அவ்வகுப்பின் உயிர் எங்கே இருந்தது என்பதை அந்த இழப்பே எடுத்துக்காட்டியது.

ஓர் ஆசிரியரும் ஒரு பள்ளியும்

இப்பயிற்சி எளியோர்க்கு என்ன செய்யும் என்பதை அறிய, சிகாகோ நகரின் தென்பகுதிக்குச் செல்லவேண்டும். தென் மாநிலங்களின் ஒடுக்குமுறையிலிருந்து விலகி வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. நகரின் பிற பகுதிகளில் வீடு பெறுவதும் அவர்களுக்கு அரிதாக இருந்தது. புகழ்பெற்ற ஆர்க்கெஸ்ட்ராக்களின் கதவுகளும் அக்காலத்தில் அவர்களுக்கு மூடியே இருந்தன.

அங்கு 1931ஆம் ஆண்டில் வெண்டல் பிலிப்ஸ் உயர்நிலைப்பள்ளியில் இசை ஆசிரியராகச் சேர்ந்தவர் வால்டர் டயட். 1935ஆம் ஆண்டில் டுசேபிள் உயர்நிலைப்பள்ளி தொடங்கப்பட்டபோது அங்கு வந்து, 1960களின் தொடக்கம்வரை பணியாற்றினார். படைப்பிரிவு ஒன்றின் பேண்டை நடத்தியவர் ஆதலால் ‘கேப்டன்’ என்றே அழைக்கப்பட்டார். கண்டிப்புக்குப் பெயர்பெற்றவர். பெரிய குழுவின் முழக்கத்துக்கு நடுவிலும் பிழைசெய்தவர் யார் என்பதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார் என அவருடைய மாணவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர்.

கருவிகளுக்கும் உடைகளுக்கும் பணம் போதாதபோது, ஆண்டுதோறும் மாணவர்களைக் கொண்டே பெரிய மேடை நிகழ்ச்சி ஒன்றை நடத்தி நிதி திரட்டினார். உலகப் புகழ்பெற்ற பாடகர் நாட் கிங் கோல், பாடகி டைனா வாஷிங்டன், சாக்சபோன் கலைஞர்களான ஜீன் அம்மன்ஸ், ஜானி கிரிஃபின், வான் ஃபிரீமன் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். ஒரு பொதுப்பள்ளியின் இசை அறையிலிருந்து இத்தனை பேர் உருவானது வியப்புக்குரியது.

எனினும், இப்பெயர்ப் பட்டியலோடு நின்றுவிட்டால் டயட்டின் பணியை நாம் பாதிதான் உணர்ந்தவராவோம். முப்பது ஆண்டுகளில் அவரிடம் பயின்றோருள் மிகப் பெரும்பாலோர் இசையைத் தொழிலாகக் கொள்ளவில்லை. வேறு வேலைகளுக்குச் சென்று, குடும்பம் நடத்தி, எவருக்கும் தெரியாமல் வாழ்ந்தனர். நாட்டின் மற்ற இடங்களில் பின்கதவு வழியாக நுழையச் சொல்லப்பட்ட இனத்தைச் சேர்ந்த அப்பிள்ளைகள், அந்த அறையில் மட்டும் ‘உன் சுரம் இல்லாமல் இந்த இசை நிறைவு பெறாது’ என்னும் நிலையில் அமர்ந்தனர். அவர்களுக்கு அவ்வகுப்பு தந்தது இதுவே.

டயட் 1969ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் பெயரால் சிகாகோவில் ஒரு பள்ளி உண்டு. அப்பள்ளியைப் படிப்படியாக மூடிவிட நகரக் கல்வி வாரியம் 2012ஆம் ஆண்டில் முடிவு செய்தது. தம் பகுதிப் பிள்ளைகளுக்குத் தேர்வுத் தடையின்றிச் சேரும் பொதுப்பள்ளி வேண்டும் என்று கேட்டு, 2015ஆம் ஆண்டில் பெற்றோரும் அப்பகுதி மக்களுமாகப் பன்னிருவர் உண்ணாநோன்பு இருந்தனர். அது 34 நாள்கள் நீடித்தது. அவர்கள் கேட்ட பாடத்திட்டம் வேறு, கிடைத்தது வேறு. ஆயினும் பள்ளி மீண்டது. 2016ஆம் ஆண்டில் அது கலைகளுக்கான பொது உயர்நிலைப்பள்ளியாகத் திறக்கப்பட்டது. ஓர் இசை ஆசிரியரின் பெயர் தாங்கிய பள்ளிக்கதவு பட்டினி கிடந்து திறக்கப்பட்டதாயிற்று.

மதிப்பெண்ணுக்காகவா இசை?

பள்ளியில் இசை வேண்டும் என்போர் பலரும் கூறும் காரணம் ஒன்றுண்டு. ‘இசை பயின்றால் கணக்கு நன்றாக வரும், அறிவு கூர்மையாகும்’ என்பது அது. கேட்கக் கவர்ச்சியான இவ்வாதத்தை நான் ஏற்கத் தயங்குகிறேன்.

1993ஆம் ஆண்டில் ஆய்வாளர் மூவர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டனர். மோட்சார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்ட கல்லூரி மாணவர்கள், இடத்தையும் வடிவத்தையும் மனத்தில் கற்பனை செய்யும் ஒருவகைத் தேர்வில் சற்று மேம்பட்டனர் என்பதே அதன் சாரம். அம்மேம்பாடு ஏறத்தாழ கால் மணி நேரத்தில் மறைந்துவிட்டது. ஆனால், செய்தி ஊர்ப்பயணம் போகப்போக, ‘மோட்சார்ட்டைக் கேட்டால் குழந்தைகள் அறிவாளி ஆவர்’ என்று உருமாறிவிட்டது. மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைப்பதிவு ஒன்றை வழங்க 1,05,000 டாலர் ஒதுக்கவேண்டும் என்று 1998ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநில ஆளுநர் முன்மொழியும் அளவுக்கு அது சென்றது. பின்னர் வந்த ஆய்வுகள் பலவற்றில் அவ்விளைவு காணப்படவில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை உள்ளது. கணக்குக்கு உதவும் என்று சொல்லி இசையைப் பள்ளிக்குள் கொண்டுவந்தால், கணக்குக்கு உதவவில்லை என்று தெரியும் நாளில் அதனை வெளியேற்றவும் நாமே வழி செய்தவராவோம். மேலும், கணக்கு வேண்டுமாயின் கணக்கையே கூடுதலாகக் கற்பிக்கலாமே என்னும் வினாவுக்கு நம்மிடம் விடையிராது. வரலாறு கற்பது வேதியியலுக்கு உதவுமா என்று நாம் கேட்பதில்லை. வரலாறு தன்னளவில் வேண்டியது என்பதை ஏற்றுக்கொண்டோம். அந்த மதிப்பை இசைக்கும் அளித்தலே முறை.

‘எல்லாரும் இசைக்கலைஞர் ஆகப்போவதில்லையே’ என்பர் சிலர். உண்மைதான். கணக்குப் படிப்போர் அனைவரும் கணித அறிஞர் ஆவதில்லை. அதனால் எவரும் கணக்கு வகுப்பை மூடச் சொல்வதில்லை.

பணம் என்னும் சுவர்

இசைக்குழுக்களின் தலைவிதியைப் பல இடங்களில் வரிச்சட்டங்களே எழுதியுள்ளன. அமெரிக்கப் பள்ளிகள் உள்ளூர்ச் சொத்துவரியைப் பெரிதும் நம்பி இயங்குபவை. கலிபோர்னியா மாநிலத்தில் 1978ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பின் வழியாகச் சொத்துவரிக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. பள்ளிகளின் வருவாய் சுருங்கியபோது பல இடங்களில் இசையும் ஓவியமும் முதலில் வெட்டப்பட்டன. 2002ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நடுவண் கல்விச் சட்டம், வாசிப்பு, கணக்கு ஆகியவற்றின் தேர்வு முடிவுகளைக் கொண்டு பள்ளிகளை எடைபோட்டது. தேர்வில் வராத பாடங்களின் நேரம் பல பள்ளிகளில் தேய்ந்தது. 2015ஆம் ஆண்டின் புதிய சட்டம், நிறைவான கல்வியின் கூறுகளுள் ஒன்றாக இசையின் பெயரைக் குறிப்பிட்டது. எனினும், பெயர் குறிப்பிடுவது வேறு. பணம் ஒதுக்குவது வேறு.

அரசு விலகும் இடத்தைப் பெற்றோரின் பணம் நிரப்பும்போது ஒரு சுவர் எழுகிறது. கருவிக்கு வாடகை, சீருடைக்குக் கட்டணம், வெளியூர்ப் பயணத்துக்குச் செலவு, தனிப்பயிற்சிக்கு ஊதியம் எனச் செலவுகள் அடுக்கடுக்காக வருகின்றன. வசதியான ஊரின் பள்ளியில் நூறு பேர் கொண்ட பேண்டு விளையாட்டுத் திடலில் அணிவகுக்கும். சில கல் தொலைவில் உள்ள ஏழை ஊரின் பள்ளியில் வால்வு இறுகிப்போன டிரம்பெட்டுகள் அலமாரியில் கிடக்கும். திறமை இரண்டு ஊர்களிலும் ஒன்றே. போட்டிகளில் வெல்வதையே குறிக்கோளாக்கும் பள்ளிகள் இச்சுவரை மேலும் உயர்த்துகின்றன. தேர்ந்தவர் மட்டும் வேண்டும் என்ற நிலை வந்தபின், கற்க வந்தவர்க்கு அங்கு இடமேது?

பணம் அளவுக்குட்பட்டது, படிப்பறிவே பெறாத பிள்ளைகள் இருக்கும்போது இசைக்கு முன்னுரிமை தருவதா என்று கேட்பது நேர்மையான வினா. அதனைப் புறந்தள்ளக் கூடாது. ஆனால், வசதியுள்ள பள்ளிகள் இசையா கணக்கா என்று தேர்ந்தெடுப்பதில்லை, இரண்டையும் வைத்துக்கொள்கின்றன. அத்தேர்வு ஏழைப் பிள்ளையின்மீது மட்டுமே சுமத்தப்படுகிறது. அவ்வேறுபாட்டை இயல்பானது என்று ஏற்றுக்கொள்வதற்கு நியாயம் ஏதும் இல்லை.

கலிபோர்னியா மக்களே இதற்கு ஒரு விடை கண்டனர். 2022ஆம் ஆண்டின் வாக்கெடுப்பில், பள்ளிகளுக்கு மாநிலம் உறுதியளித்துள்ள நிதியில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு இணையான தொகையை ஆண்டுதோறும் இசைக்கும் பிற கலைகளுக்கும் கூடுதலாக வழங்கும் சட்டத்தை நிறைவேற்றினர். அத்தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு கோடி டாலர். அதில் 70 விழுக்காடு மாணவர் எண்ணிக்கைப்படியும், 30 விழுக்காடு வருவாய் குறைந்த குடும்பத்து மாணவர் எண்ணிக்கைப்படியும் பகிர்ந்தளிக்கப்படும். பெரிய பள்ளி மாவட்டங்கள் தமக்குக் கிடைப்பதில் 80 விழுக்காட்டை ஆசிரியர்களையும் பணியாளர்களையும் அமர்த்தவே செலவிடவேண்டும். 1978ஆம் ஆண்டில் வாக்குச்சீட்டால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்யும் முயற்சி, 44 ஆண்டுகள் கழித்து வாக்குச்சீட்டாலேயே தொடங்கியது. இடையில் பள்ளியைக் கடந்துசென்ற தலைமுறைக்கு அது திரும்பக் கிடைக்கப்போவதில்லை.

நம்முன் உள்ள வினா

இவ்வினா கடல்கடந்த நாட்டினர்க்கு மட்டும் உரியதன்று. இயலோடு இசையையும் நாடகத்தையும் சேர்த்தே தமிழ் என்று பெயரிட்டவர்கள் நாம். எனினும், பொதுத்தேர்வு நெருங்கும்போது பாட்டு வேளையும் ஓவிய வேளையும் விளையாட்டு வேளையும் வேறு பாடங்களுக்குக் கடனாகச் சென்றுவிடுவதை நாம் அறிவோம். கடனாகச் சென்ற வேளைகள் பெரும்பாலும் திரும்புவதில்லை.

ஆயினும், நம் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஒரு சேர்ந்திசைக் குழு ஏற்கெனவே இருக்கிறது. காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட எழுந்து நிற்கும் மாணவர் அனைவரும் அதன் உறுப்பினர்களே. அதற்குக் கருவி வேண்டியதில்லை, கட்டணம் இல்லை, தேர்வும் இல்லை. அதில் குறைவது ஒன்றே. உதட்டை மட்டும் அசைத்து நிற்போரும், முந்திப் பாடி முடிப்போரும், யாரையும் கேளாமல் உரக்கப் பாடுவோரும் அதில் கலந்துள்ளனர்.

நாளைக் காலை பாடும்போது, வலப்பக்கம் நிற்பவரின் குரலையும் இடப்பக்கம் நிற்பவரின் குரலையும் கேட்டுக்கொண்டே பாடிப் பாருங்கள். அவர்களது சுருதிக்கும் தாளத்துக்கும் உங்கள் குரல் பொருந்தத் தொடங்கும். அந்தச் சில வினாடிகளை நாள்தோறும் ஒரு பாடவேளையாக நீட்டித் தரவேண்டும் என்பதைத்தான் இக்கட்டுரை கேட்கிறது. அதனை வழங்குவது அரசின் கடமையும் பள்ளியின் கடமையும் ஆகும். அது தமக்கு உரியது என்று உணர்ந்து கேட்பது மாணவர்களின் உரிமை.